எந்தத் திருநெல்வேலி

கடைசிப் பரீட்சை முடிந்த இரவு
ஐந்து பேருக்கு ஒரு ஓட்டோ, ஒரு சைக்கிள்.
சைக்கிளுக்கு பிரேக் இல்லை என்பதை
முத்தவெளி தாண்டிய பிறகுதான் சொன்னான் தினேத்,
முன் பாரில் கீர்த்தனை இருத்தி
எங்களை முந்திக்கொண்டு.

நான் தாமிரபரணித் திருநெல்வேலி.
கடல் தாண்டி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி,
வெளிநாட்டுப் படிப்பென்று வந்து இறங்கினால்
தின்னவேலிச் சந்தைக்குப் பின்னால் விடுதி,
கடைப் பலகையெல்லாம் என் ஊர்ப் பெயர்.
விமானக் காசை என்ன செய்தாய் என்று
மாமா இன்னமும் சந்தேகமாகக் கேட்கிறார்.

கொத்துரொட்டி மூன்று பார்சல்.
ஒன்றை பஸ் நிலையத்து நாய் கொண்டுபோனது.
ஒன்றை, "ஆறப்போகுது பிள்ளையள்" என்று
ஓட்டோக்காரப் பற்குணம் அண்ணை காப்பாற்றினார்.
மூன்றாவதற்கு நாங்கள் சண்டை பிடிக்கையில்
பண்ணைப் பாலத்துக்குக் கிட்ட
தொப்பென்று ஒரு சத்தம்.
பிறகு சைக்கிள் மணி, தண்ணீருக்குள்ளிருந்து,
ஒரே ஒரு தரம்.

பயந்து ஓடினோம்.
முழங்காலளவு கடலில்
இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
மாலைதீவு ஷிஃபா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
இதையா கடல் என்கிறீர்கள் என்று.
போக்கராவில் பிறந்த பிமலா மட்டும் செருப்பைக் கழற்றி,
கோயிலுக்குள் போகிறவள் மாதிரி
ஒவ்வொரு காலாக இறங்கினாள்.

கீர்த்தனின் போனைக் காணவில்லை.

நிலவும் இல்லை.
சாதாளை காலில் சுற்ற,
ஒரு நண்டு என் பெருவிரலை விசாரிக்க,
ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து
சேற்றைத் துழாவினோம், நாற்று நடுகிறவர்கள் போல.
தூரத்தில் நெற்றிவிளக்கு ஒன்று திரும்பியது:
"ஆரடா அது? என்ர களங்கண்டிய மிதிச்சியளோ, கொல்லுவன்!"
தினேத் தனக்குத் தெரிந்த ஒரே தமிழில்
"சாப்பிட்டீங்களா?" என்றான்.
விளக்கு கொஞ்ச நேரம் யோசித்து
அப்புறம் போனது.

அப்போதுதான் பார்த்தோம்.
பாசிக்கு அடியில், மங்கலாய், பச்சையாய்,
தண்ணீர் எழுத்துக்கூட்டியது:
அம்மா.

பேர்கனில் இரவு ஒன்பது மணி,
வெயில் இன்னும் போயிருக்காது.
"எடு" என்றேன்.
"அம்மா பேசுவா" என்றான் கீர்த்தன்.
"பேசட்டுமே, அதுக்குத்தானே போன்?"
இங்கே பேசுவது என்றால் திட்டுவது.
பேசுவதற்குக் கதைப்பது என்று பெயர்.
ஆறு மாதமாகியும் எனக்கு இது மறந்துபோகிறது.

எடுத்தான். காதில் வைத்தான்.
கடல்தான் ஒழுகியது.
அவன் அம்மா பேசினாளோ கதைத்தாளோ
இரண்டும் கேட்கவில்லை.
"பண்ணையில நிக்கிறன், அம்மா" என்றான் மூன்று தரம்.
மூன்றாவது தரத்துக்கு முன்பே
வெளிச்சம் அணைந்துவிட்டது.
யாரும் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம்.
பிறகு ஷிஃபா தும்மினாள்.

திரும்பும் வழியில் பொலிஸ் மறித்தது.
ஒரு ஓட்டோவில் ஐந்து ஈரமும்
கூரையில் ஒரு சைக்கிளும்.
தினேத் சிங்களத்தில் நீளமாக விளக்க விளக்க
குற்றம் கூடிக்கொண்டே போவது
அந்தப் பொலிஸ்காரர் முகத்தில் தெரிந்தது.
டோர்ச்சை என் பாஸ்போர்ட்டில் அடித்தார்.
விலாசத்தை எழுத்தெழுத்தாக வாசித்தார்.
"திரு-நெல்-வேலி."
மூடிக் கையில் தந்தார்.
"வீடு பக்கத்திலதானே.
இந்த நேரம் ஏன் சுத்துறது? போங்க."

ஆமாம் சேர், என்றேன்.
வேறென்ன சொல்ல.

போனை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டுப் படுத்தோம்.
காலையில் பிமலா,
யாரும் சொல்லாததால்,
போனை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு
அதே அரிசியை உலையில் போட்டிருந்தாள்.
பத்து மணிக்கு எழுந்து எல்லோரும் சாப்பிட்டோம்.
உப்பு சரியாக இருந்தது.